வேலையும் வீடும் ஒரே கையில்: தோட்டத்துத் தண்டனையும் மேல்முறையீடும்

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் மீது புகார் எழுந்தால் நான்கு கட்டங்கள் வர வேண்டும். புகாரை அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது முதல் கட்டம். அவர் சொல்வதையும் கேட்டு விசாரிப்பது இரண்டாவது. தண்டனையை முடிவு செய்வது மூன்றாவது. அந்த முடிவு சரிதானா என்று சம்பந்தமில்லாத ஒருவர் மறுபடி பார்ப்பது நான்காவது. முதல் மூன்றும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. நான்காவது மட்டுமே தோட்டத்து வேலிக்கு வெளியே நடக்கக்கூடியது. ஆகையால் தோட்டத்தில் நியாயம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நான்காவது கட்டத்தைத்தான்.

நகரத்துத் தொழிற்சாலையில் வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடும் சேர்ந்து போகும். லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். தொழிலாளி அங்கே வேலை செய்யும் வரைதான் அது அவருக்கு. பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி, குடும்பம் கும்பிடும் மாரியம்மன் கோயில், கடனுக்குச் சாமான் தரும் கடை, ஆபத்துக்கு உதவும் சொந்தபந்தம் எல்லாம் அதே வேலிக்குள் இருக்கும். ஒரு துண்டுக் கடிதம் இவை எல்லாவற்றிலிருந்தும் ஒரு குடும்பத்தை வெளியே அனுப்பிவிடும். தண்டனை இவ்வளவு கனமானது என்பதால்தான் தோட்ட வரலாற்றில் விசாரணையும் மேல்முறையீடும் கூலி உயர்வுக்குச் சமமான கோரிக்கைகளாக எழுந்தன.

கோல சிலாங்கூர் தோட்டங்கள்

மலேசியாவில் சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடத்தில் கோல சிலாங்கூர் இருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று தோட்டப்புற ஊர்கள் வரிசையாக வருகின்றன. பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். கிழக்கே உலு சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டங்கள் தொடங்குகின்றன.

ரப்பர் இந்தப் பகுதியை நிரப்பியது 20-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில். மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டதும் இங்கேதான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தெனமாரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொன்னியே அதைத் தொடங்கினார். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அந்தத் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களும் பால் சுமந்தவர்களும் பெரும்பாலும் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டும் கங்காணி மூலம் வந்தவர்கள். அவர்களுக்கு நடந்த நியாய அநியாயங்களுக்குப் பரிசு பெற்ற நாவல் தேவைப்படவில்லை. லயத்து வாசலில் அவை வாய்மொழியாகவே இருந்தன.

துரையின் சொல்

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறை முதன்மை பெற்றது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும் வரை அது நீடித்தது. சட்டப்படி தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புத் தந்துவிட்டுத் தோட்டத்தை விட்டுப் போகலாம். நிர்வாகமும் அதே முன்னறிவிப்போடு அவரை அனுப்பலாம். இரு பக்கமும் சமம் போலத் தெரியும் இந்த ஏற்பாட்டில் சமம் இல்லை. தொழிலாளி போனால் தோட்ட நிர்வாகியான துரைக்கு ஓர் ஆள் குறையும். துரை அனுப்பினால் தொழிலாளிக்குக் கூரையே இல்லாமல் போகும்.

அன்றைய தோட்டத்தில் அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டாக இருந்தது. உச்சியில் பெரிய துரை, அவருக்குக் கீழே சின்ன துரை, பிறகு கணக்கெழுதும் கிராணி, கங்காணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போதே குற்றச்சாட்டும் தண்டனையும் முடிந்துவிடும். பாலில் தண்ணீர் கலந்தார், பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்தினார், பெரட்டுக்குத் தாமதமாக வந்தார், எதிர்த்துப் பேசினார் என்று மண்டோர் சொன்னால் கிராணி எழுதுவார். கிராணி எழுதினால் துரை கையெழுத்திடுவார். தொழிலாளியின் மொழி துரைக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இடையில் இருந்து மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் புகார் சொன்ன பக்கத்தைச் சேர்ந்தவர்.

வெளியே போய் முறையிட இடமே இல்லை என்று சொல்ல முடியாது. அரசாங்கத்தில் தொழிலாளர் கட்டுப்பாட்டாளர் இருந்தார். தோட்டங்களைப் பார்வையிட்டுக் கூலித் தகராறுகளைக் கேட்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசின் முகவர் ஒருவரும் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டார். தொழிலாளர் நிலையைப் பார்க்க வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1936-இன் இறுதியில் மலாயாவுக்கு அனுப்பப்பட்டு மறு ஆண்டில் அறிக்கை தந்தார். ஆனால் புகார் சொல்லப் போகிறவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும், துரைக்குத் தெரியாமல் போய்வர வேண்டும், திரும்பி வந்து அதே துரையின் கீழ் வேலை செய்ய வேண்டும். முறையிட இடம் இருந்தது. முறையிட்டவருக்குப் பாதுகாப்பு இல்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதே நிலை துண்டு என்ற பெயரில் இருந்தது. தொழிலாளி பட்ட கடன் கணக்கோடு தோட்டம் தரும் விடுவிப்புச் சீட்டுதான் துண்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டம் ஆளை எடுக்காது. துண்டைத் தருவதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விருப்பமாக இருந்ததால், சீட்டு ஒன்றே தண்டனைக் கருவியாயிற்று. 1921-இல் அங்கே சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

1941: கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரிகள்

மலாயா மத்திய இந்தியர் சங்கம் 1936-இல் தோன்றியது. அதன்பின் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியர் சங்கம் அமைத்துத் தொழிலாளர்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். 1941-இன் முதல் மாதங்களில் கிள்ளான் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்ற தோட்டப் பகுதிகளுக்கும் பரவியது.

தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் தொல்லை செய்வதை நிறுத்துதல் ஆகியவை அவற்றில் இருந்தன. துரையும் கிராணியும் வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்றார்கள். குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்றும், குறைகளை முன்வைக்கச் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கூலிக் கோரிக்கையை எல்லாரும் எளிதில் புரிந்துகொள்வார்கள். மேல்முறையீட்டின் வரலாற்றில் முக்கியமானவை கடைசியில் சொன்ன மூன்று. உறவினர் உள்ளே வரலாம் என்றால் தோட்டத்தில் நடப்பதற்கு வெளியாள் சாட்சி உண்டு. பழிவாங்கக் கூடாது என்றால் புகார் சொன்னதே குற்றமாகாது. சங்கம் இருக்கலாம் என்றால் தனி ஆள் துரையின் முன்னால் தனியாக நிற்க வேண்டியதில்லை. நியாயமான முறையீட்டுக்கு வேண்டிய அடிப்படைகள் மூன்றையும் சட்டப் புத்தகம் படிக்காத தொழிலாளர்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதை எதிர்த்துப் போராட்டம் பெருகியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது. கோரிக்கைகள் அப்படியே நின்றுபோயின.

சட்டம் வந்த வழி

போருக்குப் பின் தோட்டங்களில் சங்கங்கள் முளைத்தன. 1948-இல் அவசரகாலம் வந்ததும் பல சங்கங்கள் கலைந்தன. எஞ்சியவை சேர்ந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதை நீண்ட காலம் பொதுச் செயலாளராக இருந்து நடத்தியவர் பி. பி. நாராயணன். முதலாளிமார் பக்கத்தில் மாப்பா என்று அழைக்கப்படும் அமைப்பு பேச்சுவார்த்தைக்கு வந்தது. கூலியோடு, குறைகளை எந்தப் படியில் யாரிடம் சொல்வது என்பதும் கூட்டு ஒப்பந்தத்துக்குள் வந்தது. தோட்டக் கமிட்டித் தலைவர் ஒருவர் தொழிலாளியோடு ஆபிசுக்குள் போய் மானேஜரிடம் பேசலாம் என்பது, 1941-ஐப் பார்த்தவர்களுக்குச் சின்ன மாற்றமாகத் தோன்றியிருக்காது.

1955-இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. தவறு செய்த தொழிலாளியைத் தண்டிக்கும் முன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்பதை அதன் 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் வேலைநீக்கம் சரியா தவறா என்று வெளியார் ஒருவர் தீர்ப்புச் சொல்லி வேலையைத் திரும்ப வாங்கித் தரும் வழி அப்போது தெளிவாக இல்லை. பழைய ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டப்படி, முன்னறிவிப்புச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்தது. 1967-இன் தொழிலுறவுச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. நியாயமான காரணமோ முகாந்திரமோ இல்லாமல் தாம் நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, வேலையைத் திரும்பக் கேட்டு முறையிடலாம் என்று அதன் 20-ஆம் பிரிவு கூறுகிறது. முன்னறிவிப்புக் கொடுத்தோம் என்ற பதில் இனிப் போதாது. காரணத்தையும் சொல்ல வேண்டும்.

விசாரணை எப்படி நடக்க வேண்டும்

இன்றைய செம்பனைத் தோட்டத்தில் வழக்கமாக எழும் புகார்களை எடுத்துக்கொள்ளலாம். பழுக்காத குலையை வெட்டினார், உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டார், சொல்லாமல் வேலைக்கு வரவில்லை, மண்டோரோடு சண்டை போட்டார், பழத்தை வெளியே விற்றார் என்பவை அவை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை பொருந்தாது. காய்க் குலை வெட்டியது கவனக் குறைவு. பழத்தை விற்றது திருட்டு.

முதலில் காரணம் கேட்கும் கடிதம் வர வேண்டும். எந்த நாள், எந்த இடம், என்ன செயல் என்பது அதில் இருக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று மட்டும் எழுதினால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் எழுதப் போதிய நாள் தர வேண்டும். விசாரணை முடியும் வரை அவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைக்க நிர்வாகம் விரும்பினால் வேலைச் சட்டம் ஒரு வாரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்த வாரத்தில் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் மீதிப் பாதியையும் கொடுத்துவிட வேண்டும்.

உள்விசாரணையில் அமர்பவர்கள் புகாரில் சம்பந்தப்படாதவர்களாக இருக்க வேண்டும். சண்டை மண்டோரோடு என்றால் அந்த மண்டோர் சாட்சி சொல்லலாம்; தீர்ப்புச் சொல்லக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், தம் பக்கச் சாட்சிகளை அழைக்கலாம். சங்கப் பிரதிநிதியோ உடன் வேலை செய்பவரோ துணைக்கு இருப்பது வழக்கம். நடப்பதை எழுதி வைக்க வேண்டும். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து தொழிலாளிக்குத் தமிழ் மட்டுமே தெரியுமானால், அதை அவர் மொழியில் விளக்காமல் கையெழுத்து வாங்குவது விசாரணையைப் பெயரளவுக்கு ஆக்கிவிடும். இன்று அதே தேவை வங்காளம், நேப்பாளி, தமிழ் என்று பல மொழிகளில் இருக்கிறது.

குற்றம் உறுதியானால் மூன்று வகைத் தண்டனையை அதே சட்டம் குறிப்பிடுகிறது: முன்னறிவிப்பின்றி நீக்குதல், பதவி இறக்குதல், இவற்றைவிடக் குறைந்த வேறு தண்டனை. சம்பளமில்லாமல் ஒதுக்கி வைப்பதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அபராதம் என்ற பெயரில் சம்பளத்தில் கை வைக்கவும் முடியாது. எதைப் பிடிக்கலாம் என்பதை அதன் 24-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் அனுமதியின்றி வராமல் இருந்தால் அதை ஒப்பந்த மீறலாகக் கருத 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தக்க காரணம் இருந்து அதைத் தெரிவித்தவருக்கும், தெரிவிக்க முயன்றவருக்கும் விலக்கு உண்டு.

நியாயத்தின் இன்னொரு அளவு ஒரே சீரான நடைமுறை. ஒரே தவற்றுக்குக் கிராணியின் உறவினருக்கு எச்சரிக்கையும் மற்றவருக்கு வேலைநீக்கமும் கிடைத்தால், விதி எழுதியபடி நடந்திருந்தாலும் தண்டனை பாரபட்சமானதே. தவற்றைத் தெரிந்தும் மாதக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, பிறகு வேறு கோபத்தில் அதைத் தோண்டி எடுப்பதையும் நீதிமன்றங்கள் நல்ல எண்ணமாகக் கருதுவதில்லை.

மேல்முறையீட்டின் படிகள்

நிர்வாகத்தின் முடிவு கைக்கு வந்ததும் முதல் படி நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மானேஜருக்கு மேலுள்ள அதிகாரியிடமோ கம்பெனித் தலைமையகத்திலோ முறையிடலாம். சங்க உறுப்பினராக இருந்தால் சங்கம் மாப்பாவோடு அல்லது கம்பெனியோடு பேசும்.

அடுத்த படி மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலுறவு இலாகா. வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் அங்கே முறையீட்டைப் பதிய வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கியிருந்தால் அந்த முன்னறிவிப்புக் காலத்திலேயே பதியலாம். இலாகா இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். பெரும்பாலான தகராறுகளுக்கு நீதிமன்றத்தைவிட இந்த மேசை விரைவானது. தொழிலாளி வேலைக்குத் திரும்பவும் வாய்ப்பு அதிகம்.

சமரசம் முடியாதபோது வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். 2020 வரை இங்கே ஒரு கதவு அடைபட்டிருந்தது. வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அமைச்சர் முடிவு செய்து வந்தார். அனுப்பாவிட்டால் தொழிலாளி உயர்நீதிமன்றத்துக்குப் போய் அமைச்சரின் முடிவை எதிர்க்க வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளியால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. 2021 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த விருப்பதிகாரத்தை நீக்கியது. சமரசத்துக்கு வழியில்லை என்று கண்டால் இலாகாவின் தலைமை இயக்குநரே வழக்கை அனுப்ப வேண்டும். தீர்ப்பு பிடிக்காத தரப்பு, தீர்ப்பு கிடைத்த 14 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததே.

நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

தொழில் நீதிமன்றம் சட்ட நுணுக்கங்களில் சிக்காமல் நியாயத்தையும் நல்ல மனச்சாட்சியையும் வழக்கின் உண்மைச் சாரத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. தொழிலாளி தாம் குற்றமற்றவர் என்று காட்ட வேண்டியதில்லை. நிர்வாகம்தான் அவர் குற்றம் செய்தார் என்று காட்ட வேண்டும்.

இரண்டு கேள்விகள் எழும். சொன்ன குற்றம் உண்மையில் நடந்ததா? நடந்தது என்றால் அதற்காக வேலையிலிருந்து நீக்குவது தகுமா? முதலாளி காரணம் சொன்னால் அந்தக் காரணம் நிரூபிக்கப்பட்டதா என்றுதான் நீதிமன்றம் பார்க்க வேண்டும், அவர் சொல்லாத காரணத்தை அவருக்காகத் தேடித் தரக் கூடாது என்று 1981-இல் கூட்டரசு நீதிமன்றம், ஜே அண்ட் பி கோட்ஸ் நிறுவன வழக்கில் தெளிவாக்கியது. தண்டனை குற்றத்தின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் அதிகாரமும் தொழில் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் 2013-இல் உறுதி செய்தது. காய்க் குலை வெட்டியவரை 20 ஆண்டு வேலைக்குப் பின் ஒரே நாளில் அனுப்புவது இந்தக் கேள்வியில்தான் தடுமாறும்.

தோட்டங்களில் பலர் அறியாத இன்னொரு விதி உண்டு. உள்விசாரணை நடத்தாமல் விட்டாலும், தவறாக நடத்தினாலும் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் வேலைநீக்கம் செல்லாது என்று ஆகிவிடாது. 1988-இல் அன்றைய உச்ச நீதிமன்றம் ட்ரீம்லேண்ட் நிறுவன வழக்கிலும், பிறகு 1995-இல் கூட்டரசு நீதிமன்றமும் இதைச் சொல்லின. தொழில் நீதிமன்றம் வழக்கைப் புதிதாகக் கேட்பதால் அந்தக் குறை அங்கே சரியாகிவிடும் என்பது காரணம். இதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. தோட்டத்தில் பேச விடாத தொழிலாளிக்கு நீதிமன்றத்தில் முழுதாகப் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. அதே சமயம் தோட்டத்தில் விசாரணையை ஏனோதானோ என்று நடத்தும் நிர்வாகத்துக்கு உடனடி நட்டம் இல்லை. நீதிமன்றம் வரை போக முடியாதவருக்கு அந்த ஏனோதானோ விசாரணையே கடைசி விசாரணை.

என்ன கிடைக்கும்

வழக்கில் வென்றவர் கேட்கக்கூடிய முதல் நிவாரணம் வேலையில் மீண்டும் அமர்த்துவது. நாள் கடந்து உறவு கெட்டுவிட்ட இடத்தில் நீதிமன்றம் அதற்கு ஈடாகப் பணம் தரச் சொல்லும். அதைப் பணிக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கிடுவது வழக்கம். அதோடு, வேலையில்லாமல் கழிந்த காலத்துக்கான சம்பளமும் உண்டு. அதன் உச்ச எல்லை 24 மாதம். தகுதிகாண் காலத்தில் இருந்தவர்களுக்கு 12 மாதம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததையும், தொழிலாளியின் பங்குத் தவற்றையும் கணக்கில் எடுத்துக் கழிப்பார்கள்.

குற்றம் உறுதியானவருக்கு இழப்பு இரட்டிப்பு. வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வேலை நிறுத்தப்பட்டவர்களுக்குப் பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக விசாரித்து நீக்கப்பட்டவர்களுக்கு அது இல்லை. தோட்டம் விற்பனைக்கோ வீடமைப்புத் திட்டத்துக்கோ போகும் காலத்தில் ஒரு குற்றக் கடிதத்தின் விலை அதனால் பல மடங்கு ஆகிறது.

சட்டம் எட்டாத இடங்கள்

வீட்டுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. தோட்டத்தில் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1990-இன் தொழிலாளர் குடியிருப்புத் தரச் சட்டம் வகுக்கிறது. வேலை போனவர் மேல்முறையீடு முடியும் வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்ற உரிமையைத் தொழிலுறவுச் சட்டம் தரவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். குடும்பத்துக்கு இன்று இரவு படுக்க இடம் வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ராஜிநாமாக் கடிதம் எழுதச் சொல்லும்போது பலர் ஒத்துக்கொள்வதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். தானே எழுதிய ராஜிநாமாவை வேலைநீக்கம் என்று பிறகு நிரூபிப்பது கடினம்.

வெளிநாட்டுத் தொழிலாளியின் நிலை இன்னும் நெருக்கடியானது. தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு குடியுரிமை பார்ப்பதில்லை. ஆனால் அவரது வேலை பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் என்பதையே பலர் அறிவதில்லை. 1941-இல் தமிழ்த் தொழிலாளி லயத்தை இழக்கப் பயந்தார். இன்று வங்காளதேசத்துத் தொழிலாளி பெர்மிட்டை இழக்கப் பயப்படுகிறார்.

குத்தகைக்காரர் மூலம் வேலைக்கு வருபவர்களுக்கு யார் முதலாளி என்பதே முதல் வழக்காகிவிடுகிறது. தோட்டம் குத்தகைக்காரரைக் காட்டும். குத்தகைக்காரர் தோட்டத்தைக் காட்டுவார்.

அண்மைக் காலத்தில் வெளிச் சந்தையிலிருந்து வேறொரு அழுத்தம் வந்திருக்கிறது. கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்கச் சுங்கத் துறை 2020-இல் மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்து வைக்க ஆணையிட்டது. அவற்றில் ஒன்றின் மீதான ஆணை 2023-இல் தளர்த்தப்பட்டது. நிலையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பின் 2018-ஆம் ஆண்டு நெறிகள், புகார் கேட்கும் முறை ஒவ்வொரு தோட்டத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் புகார் சொல்பவர் பெயரை மறைக்கும் வசதி வேண்டும் என்றும் கேட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எண்ணெய் வாங்குபவர் கேட்பதால், ஈஜோக்கில் பழம் வெட்டுபவருக்கு ஒரு புகார்ப் பெட்டியும் தொலைபேசி எண்ணும் கிடைக்கிறது. பெட்டியைத் திறப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

அயல்நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதும் பயனுள்ளது. இந்தியாவில் தொழில் தகராறுச் சட்டத்தில் 1971-இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, தண்டனை கனமானது என்று கண்டால் தீர்ப்பாயமே அதைக் குறைத்துவிடலாம் என்று வெளிப்படையாக எழுதியது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆவது ஒப்பந்தம், தற்காத்துப் பேச வாய்ப்பு, நடுநிலையான அமைப்பிடம் முறையிடும் உரிமை, நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளி தலையில் மட்டும் வைக்காமை ஆகியவற்றை விதியாக்கியது. மலேசியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஆனால் அதன் சாரத்தில் பெரும்பகுதியை மலேசிய நீதிமன்றங்கள் தங்கள் தீர்ப்புகளில் எட்டியிருக்கின்றன.

தோட்டத்தில் இருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று மிஞ்சுகிறது. நிர்வாகத்திடம் முறையிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாள்கள் பொதுவாக 60 நாள் கணக்கை நிறுத்துவதில்லை. தலைமையகத்திலிருந்து நல்ல பதில் வரும் என்று மூன்று மாதம் காத்திருந்தவரின் முறையீட்டை இலாகா ஏற்க முடியாது. கம்பெனிக்கு ஒரு கடிதமும் தொழிலுறவு இலாகாவுக்கு ஒரு மனுவும் ஒரே வாரத்தில் போக வேண்டும். நீக்கக் கடிதம், விசாரணைக் குறிப்பு, சம்பளச் சீட்டு மூன்றின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும்.